பாலத்தடி இடுக்கில் கை வைக்கும் முன்

பாறை இல்லாத ஊரில் இடுக்கு ஏறிப் பழக, அதாவது பிளவில் கையையும் காலையும் செருகி மேலேறும் கிராக் கிளைம்பிங் பழக நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஏதாவது ஒரு பாலத்தின் அடியில்தான். இரண்டு கான்கிரீட் தளங்கள் ஒன்றையொன்று தொடாமல் விட்ட இடைவெளி, தூணுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, தடுப்புச் சுவரில் கான்கிரீட் சூட்டில் நீள இடம் விட்ட எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். கட்டியவர்களுக்கு அது வெறும் இடைவெளி. ஏறுபவர்களுக்கு அதுதான் வழி.

பாறை இடுக்கில் பழகியவர்கள் இங்கே வந்ததும் திணறுவதற்குக் காரணம் உண்டு. பாறையில் இடுக்கு எங்கேயாவது குறுகும், எங்கேயாவது விரல் உட்காரக் குழி இருக்கும். கான்கிரீட் ஷட்டரிங் பலகைக்கு எதிராக ஊற்றப்பட்டது. இரண்டு பக்கமும் இணையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடும். ஆகவே கை எங்கேயும் தானாகச் சிக்கி நிற்காது, முழுக்க அழுத்தத்திலும் உராய்விலும்தான் நிற்கும். பத்து மீட்டரும் ஒரே அகலம் என்றால் பத்து மீட்டரும் ஒரே தசைக்குத்தான் வேலை. பாறையில் கிடைக்கும் ஓய்வு இங்கே கிடையாது.

அதனால் முதல் வேலை அளப்பது. கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தப்பும். ஒரு முனையில் 15, மறுமுனையில் 100 மி.மீ. தடிமன் வரும்படி மரத்துண்டைச் சரிவாகச் சீவி, பக்கத்தில் அளவுக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் நுழைத்து நிற்கும் இடத்தில் எண்ணைப் படித்தால் போதும். நடுத்தரமான கைக்கு 15 முதல் 25 மி.மீ. வரை விரல் அளவு. 25-லிருந்து 35 வரை யாருக்கும் பிடிக்காத இடைப்பட்ட அகலம்: விரலுக்குத் தொளதொள, கைக்கு இறுக்கம். 45-லிருந்து 60 வரை நல்ல கை ஜாம், அதாவது உள்ளே விட்ட கையையே புடைக்க வைத்து இறுக்கும் பிடி. 70-லிருந்து 95 வரை முஷ்டி. அதற்கு மேலே இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும், இல்லையென்றால் முழங்கையை மடக்கி உள்ளே விட வேண்டும். கை சின்னது என்றால் எல்லா எண்ணையும் ஐந்தாறு மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். தொடங்குபவர் 50 மி.மீ. இடுக்கைத் தேடிப்பிடிப்பது நல்லது. 30 மி.மீ.-யில் ஆரம்பித்தவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

ஆனால் அளந்த எண் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, கிட்டத்தட்ட 0.01 மி.மீ. நீளும். 50 மீட்டர் நீளத் தளத்தின் வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் 15 மி.மீ. நீண்டுவிடும். தளத்தின் முனையில் குறுக்கே வரும் இடுக்கு அந்த அளவுக்குச் சுருங்கலாம்: குளிரில் சுகமான கை ஜாம், வெயில் காலத்தில் விரல் வலிக்கும் இடுக்கு. போகும் பாதை, வரும் பாதை என்று பக்கம் பக்கமாக இரண்டு தளங்கள் இருந்தால் நடுவே நீளவாக்கில் ஓடும் இடுக்கு இவ்வளவு மாறாது. அங்கே நீளத்துக்குப் பதில் தளத்தின் அகலம்தான் கணக்கு. 12 மீட்டர் அகலத்துக்கு அதே 30 டிகிரியில் மூன்றரை மி.மீ. சொச்சம். இன்னொன்று: மேலே லாரி போகும்போது ஒரு தளம் மட்டும் லேசாகத் தொய்ந்து எழும். உள்ளே இருக்கும் கையின் தோலை இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் தேய்க்கும். இறுக்கமான விரல் ஜாமில் இது விளையாட்டல்ல.

கை ஜாம் இப்படி: கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, கையைத் தட்டையாக மணிக்கட்டுவரை உள்ளே விடுங்கள். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் அடிப்பக்கமாகத் தள்ளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை புடைத்து ஒரு சுவரை அழுத்தும். விரல்களை அடிக்கணுவில் மடக்கினால் விரல்நுனி அதே சுவரிலும், புறங்கைக் கணுக்கள் எதிர்ச்சுவரிலும் முட்டும். சரியாக உட்கார்ந்தால் கையை நீட்டித் தொங்கலாம், முழங்கையை மடக்கி இழுக்கத் தேவையில்லை. கை வழுக்கினால் பலரும் இன்னும் ஆழமாகத் திணிப்பார்கள். பிழை அங்கே இல்லை, கட்டைவிரல் மடங்காமல் விறைப்பாக நிற்பதில் இருக்கும்.

பாதத்துக்கு: முட்டியை வெளிப்பக்கம் சாய்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சுண்டுவிரல் கீழே இருக்கும்படி விரல் பகுதியை மட்டும் நுழையுங்கள். பிறகு முட்டியை இடுக்குக்கு நேராகக் கொண்டுவந்தால் பாதம் முறுகிப் பிடித்துக்கொள்ளும். நுனி வளைந்த இறுக்கமான ஷூ இங்கே வதைதான். தட்டையான, விறைப்பான, கணுக்காலை மூடும் ஷூ போதும். கைக்கு 38 மி.மீ. ஜிங்க் ஆக்சைடு டேப்பைப் புறங்கையில் சுற்றி, உள்ளங்கையை வெறுமையாக விடுங்கள். விரலை மடக்கிய நிலையில் சுற்றாவிட்டால் முதல் ஜாமிலேயே டேப் கையை அறுக்கும். ரப்பர் கையுறை வசதிதான், ஆனால் கையின் தடிமனைக் கூட்டும். 45 மி.மீ. இடுக்கில் அது கையை நுழையவே விடாமல் செய்யலாம்.

பாலத்தின் அடி என்றால் பெரும்பாலும் கூரைதான். கை அளவு இடுக்கில் கை முன்னே போகும். முஷ்டியைத் தாண்டிய அகலத்தில் காலை முன்னே விட்டுத் தலைகீழாக நகர்வது சுலபம். இப்படிக் கூரை இடுக்கில் ஏறுவதைப் பிரபலமாக்கியவர்கள் இங்கிலாந்தின் டாம் ராண்டல், பீட் விட்டேகர். ஷெஃபீல்டில் ராண்டலின் வீட்டு நிலவறையில் மர இடுக்கில் பயிற்சி எடுத்துத்தான் 2011-ல் அமெரிக்காவின் யூட்டாவில் செஞ்சுரி கிராக் என்ற பாறைக்கூரை இடுக்கை ஏறினார்கள். 2021-ல் டெவனில் எம்5 நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் சுமார் 800 மீட்டர் நீள இடுக்கை நாட்கணக்கில் தொங்கியபடியே கடந்தார்கள். கூரையில் கை முதலில் நழுவினால் தலை கீழே போகும், கணுக்கால் மேலேயே மாட்டிக்கொள்ளும். கீழே நிற்பவர் இடுப்பைப் பார்க்கக் கூடாது, தோளைத் தாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

கயிறு போடுவதானால், இணையான சுவரில் நட் (குறுகும் இடத்தில் சிக்கவைக்கும் உலோக ஆப்பு) நிற்காது, கேம் (ஸ்பிரிங்கால் விரிந்து இரண்டு சுவரையும் அழுத்தும் கருவி) மட்டுமே. அதைப் பாதியிலிருந்து முக்கால்வாசிவரை மூடிய நிலையில் வையுங்கள். சாதாரண கேம் சுவரைத் தொடும் கோணம் 14 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, ஆகவே இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒவ்வொரு சுவரையும் தள்ளும். 4 கிலோநியூட்டன் விழுகை என்றால் ஒவ்வொரு பக்கமும் 8. நல்ல கான்கிரீட் தாங்கும். ஆனால் கம்பி துருப்பிடித்து மேல்தோல் பிரிந்த இடத்தில் அந்தத் தோலோடு கேமும் வந்துவிடும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளும். பழுப்புக் கறை, மயிரிழைக் கீறல், தட்டினால் டொப்பென்ற பொள்ளல் சத்தம் இருந்தால் அங்கே எதையும் வைக்காதீர்கள். தூசி, பெயின்ட், பாசி, பழைய சீலன்ட் எல்லாம் உராய்வைக் குறைப்பவை. சொல்லப்போனால் கான்கிரீட்டில் கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முன்னே ஏறி விழுந்து பார்ப்பதில் அர்த்தம் இல்லை. கயிற்றை மேலே உறுதியான இடத்தில் கட்டி டாப்-ரோப்பில் ஏறுங்கள். போல்ட் அடிக்கத் துளை போடவே கூடாது: உள்ளே இழுத்துக் கட்டிய ப்ரீஸ்ட்ரெஸ் கேபிள் ஓடலாம், அது அறுந்தால் பாலத்துக்கே கேடு.

கை நுழைக்கும் முன் டார்ச் அடித்து, குச்சியால் துழாவுங்கள். எட்டும் உயரத்தில் உடைந்த பாட்டிலும் ஊசியும், எட்டாத உயரத்தில் குளவிக் கூடும் புறா எச்சமும் இருக்கும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கிக் கிளப்பினால் நுரையீரல் தொற்று வரலாம். ஈரப்படுத்தி, முகமூடி போட்டு அள்ளுங்கள், அல்லது வேறு இடுக்கு பாருங்கள். மின்கம்பி ஓடும் குழாய் தெரிந்தாலும், ரயில் பாதையை ஒட்டியிருந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான். உரிமையாளரிடம் அனுமதி கேட்பது சங்கடமான வேலை, கேட்டால் பாதி நேரம் இல்லை என்றுதான் பதில் வரும். இருந்தாலும் கேளுங்கள். ஏறவென்றே ஊற்றப்பட்ட கான்கிரீட்டும் உண்டு: சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1970-களில் கட்டிய சுவரில் இடுக்குகளும் இருக்கின்றன.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு மர இடுக்கு. 18 மி.மீ. பிளைவுட்டை இரட்டையாக ஒட்டி இரண்டு பலகை, ஆழம் குறைந்தது 25 செ.மீ. பின்பக்க விளிம்பை ஒட்டி 50-60 செ.மீ.க்கு ஒரு எம்12 திரெட் ராடு, ஒவ்வொரு பலகைக்கும் உள்ளே ஒரு நட், வெளியே ஒரு நட். நட்டைத் திருகினால் அகலம் மாறும். முஷ்டி ஜாம் பலகையை விலக்கப் பார்க்கும், ராடு குறைந்தால் நடுவில் தொய்ந்து 2-3 மி.மீ. கூடிவிடும். உட்பக்கம் வார்னிஷ் பூசி, ஈரமாக இருக்கும்போதே நயமான மணலைத் தூவிக் காயவிடுங்கள். முன்விளிம்பை உருட்டிவிட மறந்தால் முதல் நாளே மணிக்கட்டுத் தோல் போய்விடும்.