மழை நாளில் கொடுவாக் குட்டை

ஐப்பசி பிறந்துவிட்டால் கொடுவாப் பண்ணையில் வேலை பார்ப்பவருக்கு விடியற்காலைத் தூக்கம் கிடையாது. பகல் முழுக்க வானம் மூடியே கிடந்தால், மறுநாள் காலை நாலு மணிக்குக் குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்குமோ என்ற கவலையே எழுப்பிவிடும். சீர்காழிப் பக்கத்து உவர்நீர்ப் பண்ணைகளில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்த காலத்தில், இந்த மீனைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட மழை நாட்களில் தெரிந்துகொண்டதுதான்.

கொடுவா வேட்டையாடித் தின்னும் மீன். நன்னீரிலும் இருக்கும், கடலிலும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று தூண்டில்காரர்கள் தேடிப்போவது இதே மீனைத்தான். சென்னையில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இதை வளர்ப்புச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. முகத்துவாரத்தில் கிடைக்கும் குஞ்சுகளையே நம்பியிருந்த நிலை அதன்பிறகுதான் மாறத் தொடங்கியது.

நல்ல நாளில் தீவனத்தை வீசினால் 'டப், டப்' என்று ஒரு சத்தம் கரை வரைக்கும் கேட்கும். வாயைத் திடீரென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் சத்தம் அது. மழை நாளில் அந்தச் சத்தம் இருக்காது. உருண்டைகள் மிதந்தபடியே கரையோரம் ஒதுங்கும். அதைப் பார்த்ததும் பலருக்கும் கை பரபரக்கும். இன்னும் ரெண்டு கை வீசிப் பார்க்கலாமா, தீவனத்தை மாற்றலாமா என்று கேட்பார்கள். நான் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிடச் சொல்வேன். வயிறு நிறைந்த மீனுக்குச் செரிமானத்துக்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். இல்லாத நேரத்தில் செலவை ஏற்றிவிடக் கூடாது. இரை எடுக்காத கொடுவா தண்ணீரின் நிலையைச் சொல்கிறது; ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைவிட நான் அதைத்தான் முதலில் நம்புவேன்.

மழைத்தண்ணீர் குளிர்ந்தது, உப்பில்லாதது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே கரையும். 28 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் தாங்கும், கடல்நீர் 6.4 அளவுதான் தாங்கும். பிறகு ஏன் மழையில் மீன் திணறுகிறது? வெயில் இல்லாததால் பாசி போதுமான ஆக்சிஜன் தயாரிப்பதில்லை. ஆனால் பாசி, பாக்டீரியா, மீன் எல்லாமே ராத்திரி முழுக்கச் சுவாசிக்கின்றன. அதோடு உப்பில்லாத தண்ணீர் கனம் குறைவு என்பதால் மேலேயே நின்றுவிடும், அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்குக் காற்று போய்ச் சேராது. அடிச்சேறு அழுகி முட்டை நாற்றம் கிளம்புவது அப்போதுதான். தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டரை மழை தொடங்கும்போதே ஓடவிட வேண்டும். அடித்தண்ணீர் கெட்டுப்போன பிறகு முழுவேகத்தில் போட்டுக் கலக்கினால் நஞ்சை மேலே கொண்டுவந்தது போலாகிவிடும்.

ஒரு கார்த்திகை மாதம். காவலுக்கு இருந்த பெரியவர் அதிகாலையில் கொட்டகைக் கதவைத் தட்டினார்.

"சார், டார்ச் அடிச்சா கண்ணு செவப்பா மின்னும்ல? இன்னிக்கு எல்லாக் கண்ணும் மேலாப்புலயே நிக்குது."

கொடுவாவின் கண் வெளிச்சம் பட்டால் தணல் போலச் சிவக்கும். சாதாரண நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்து மறையும். அன்றைக்கு மூலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், அசையாமல். மீட்டரை இறக்கினால் 2-க்கும் கீழே காட்டியது. 4-க்கு மேல் இருந்தால்தான் இந்த மீன் ஒழுங்காக இரை எடுக்கும்.

விடிந்ததும் முதலாளி வந்துவிட்டார்.

"தம்பி, இன்னும் ஒரு மழை கொட்டுச்சுன்னா கரை நிக்காது. வியாபாரி வண்டி ஐஸோட வந்து நிக்குது. வலையை இழுத்துடுவோம்."

அவருடைய பயம் நியாயமானது. கரை உடைந்தால் ஒரு வருட உழைப்பு வாய்க்காலில் போய்விடும். இருந்தாலும் இந்த நிலையில் இழுவலையைப் போட்டால் சேறு கலங்கும், மிச்சம் இருக்கிற மீன் வலைக்கு வெளியிலேயே செத்து மிதக்கும்.

"ஐயா, பத்து மணி வரைக்கும் பொறுங்க. வண்டிக்கு வேணுங்கற மீனைத் தூண்டில்ல எடுத்துத் தர்றோம்" என்றேன்.

மதகில் மேல்பலகைகளை மட்டும் கழற்றி, மேலே நின்ற மழைத்தண்ணீரை வடியவிட்டோம். தாழ்வான கரையில் மண்மூட்டை அடுக்கி, அதற்கு மேல் வேலி வலை கட்டினோம். உயிருள்ள சின்ன ஜிலேபிக் கெண்டையை முதுகில் கோத்து, ஏரேட்டர் நுரை தள்ளும் ஓரத்தில் போட்டோம். கொஞ்சமாவது காற்றிருக்கும் இடம் அது ஒன்றுதான், தெம்பு மிச்சமிருக்கும் மீன் அங்கேதான் நிற்கும். நெடுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. மேகம் விலகி வெயில் லேசாகத் தலைகாட்டிய பிறகுதான் முதல் கயிறு விறைத்தது.

தூண்டிலில் வரும் கொடுவாவைச் செவுளுக்குள் விரல் விட்டுப் பிடிக்கக் கூடாது. செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், முதுகு முள்ளும் சும்மா விடாது. ஈரச் சாக்கைப் போட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி, நேரே ஐஸ் தண்ணீரில் இறக்கினோம். வலையில் உரசாததால் ஒரு செதில்கூட உதிரவில்லை. வியாபாரி ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் எடை போட்டார். வண்டி நிறையவில்லைதான். முதலாளிக்கு மனத்தாங்கல் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

கரை நின்றது. மறுநாள் வெயிலடித்தது, அன்றைக்கும் தீவனம் போடவில்லை. அதற்கடுத்த நாள் காலை மீட்டர் 4-ஐத் தாண்டியதும், வழக்கமான அளவில் கால் பங்கை மட்டும் ஏரேட்டர் பக்கமாக வீசச் சொன்னேன். பெரியவர்தான் வீசினார். சத்தம் கேட்டதும் முதலாளியே அடுத்த கைக்கு வாளியை நீட்டினார். அன்றைக்குக் கால் பங்கு போதும் என்று அவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.