கடற்காற்றும் சதுர மீட்டரும்

சிங்கப்பூரின் கத்தோங் வட்டாரத்தில் பழைய தரைவீடு ஒன்றைப் பிடித்துப் பாலர் பள்ளி தொடங்க வருகிறவர்கள் முதலில் சொக்கிப்போவது கடற்காற்றில்தான். 'கடலோரப் பள்ளி' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே கடல் விலகிப்போய்ப் பல காலமாகிறது. 1933ல் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் எழுந்தபோது அதன் பின்பக்கம் அலையடித்தது. 1966ல் கடலைத் தூர்க்கும் நிலமீட்பு தொடங்கியது. இன்று நடுவில் மரின் பரேட் அடுக்குமாடிகளும் ஈசிபி என்னும் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையும் நிற்கின்றன; மணலை மிதிக்கப் பிள்ளைகளைச் சுரங்கப்பாதை வழியாகக் கூட்டிப்போக வேண்டும். காற்றிலிருக்கும் உப்பு மட்டும் போகவில்லை.

வீடு பார்க்கப் போகும்போது அளவுநாடாவையும் எடுத்துப்போக வேண்டும். விதிப்படி பிள்ளை ஒன்றுக்கு 3 சதுர மீட்டர் இடம் வேண்டும், 18 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 5. அதுவும் பிள்ளைகள் புழங்கும் இடமாக இருக்க வேண்டும். சமையலறை, கழிவறை, நடைவழி, அலுவலக அறை எதுவும் கணக்கில் வராது. முகவர் 300 சதுர மீட்டர் என்று சொல்லும் வீட்டில் 180 தேறினால் அது நல்ல வீடு. அதில் 60 பிள்ளைகள் சேர்க்கலாம். மாத வாடகையை 60ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். வீட்டைப் பள்ளியாகப் பயன்படுத்த நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். காலையில் கார்கள் எங்கே நின்று பிள்ளைகளை இறக்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அக்கம்பக்கத்தார் புகார் முதல் வாரத்திலேயே வரும்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. மூன்று வயதுப் பிள்ளைகளின் நர்சரி 1ல் 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நர்சரி 2ல் 15க்கு, அடுத்த வகுப்புகளான கே1ல் (கிண்டர்கார்டன் 1) 20க்கு, கே2ல் 25க்கு. உதவியாளர் இருந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. நர்சரி 1ல் பதின்மூன்றாவது பிள்ளை சேரும் நாளில் உள்ளே வருவது ஒரு கட்டணம், வெளியே போவது ஒரு சம்பளம். புதிய பள்ளிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எல்லா வகுப்பையும் ஒரே ஜனவரியில் திறந்துவிட்டு, நான்கு அறையிலும் ஆறேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முழுச் சம்பளம் கொடுப்பார்கள். கீழ் வகுப்பு இரண்டை மட்டும் நிரப்பி, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளியும் ஆண்டுக்கு ஒரு படி ஏறுவதே தாங்கும் வழி.

பிள்ளைகள் குறைந்தால் பேர்பெற்ற பள்ளியும் நிற்காது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் நம் மக்கள் குடியிருந்ததால் வளர்ந்து உயர்நிலைப் பள்ளியும் ஆனது. பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடவே, 1982ல் மூடப்பட்டது.

சிறிய பாலர் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். மூன்று வயதையும் ஆறு வயதையும் ஒரே பாயில் உட்காரவைத்துத் தமிழ் டீச்சர் சமாளிப்பார். அரிசித் தட்டில் 'அ' எழுதவைப்பது நல்ல பழக்கம், ஆனால் இந்த ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் அரிசியில் சீக்கிரமே வண்டு வந்துவிடும். வகுப்பு முடிந்ததும் இறுக மூடும் டப்பாவில் கொட்டிவிட வேண்டும். புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டுப் போட்டால் பூஞ்சை தாமதமாகும்.

உப்புக்கு வருவோம். சாதாரண இரும்புக் கீல் சில மாதங்களிலேயே துருவேறும். 'எவர்சில்வர்தானே' என்று 304 ரகம் வாங்கினால் அதிலும் பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல்தான். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகளுக்குப் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து, அவ்வப்போது நல்ல தண்ணீரால் அலச வேண்டும். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது வாசல் கேட். கொண்டியின் சுருள்வில் துருப்பிடித்தால் கேட் சாத்தியது போலவே தெரியும், ஆனால் பூட்டியிருக்காது. காலையில் முதல் கார் வருமுன் யாராவது ஒருவர், ஒரு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அதைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.