சட்டிக்குள் கிடந்த சீட்டு

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர் குப்புறப் படுத்துக்கொண்டு போன் பார்த்தார்கள். ஒருத்தி என் மகள், 14 வயது. மற்ற மூவரும் அவளோடு படிப்பவர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுந்து உட்காருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நாலையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழடிக்குக் கிளம்பினேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும். "மியூசியமா?" என்று மகள் கேட்ட தொனி இருக்கிறதே, ஏதோ ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூட்டிப் போகிற மாதிரி.

2023-இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்ததுதான் நடந்தது. தந்தத்தில் செய்த பகடையைப் பார்த்தார்கள், தங்க நகையைப் பார்த்தார்கள், பாண்டி ஆடுகிற சில்லு மாதிரி வட்டமாகத் தேய்த்த ஓட்டைப் பார்த்து "இதையுமா எடுத்து வச்சிருக்காங்க" என்றார்கள். கால் நின்றது, எழுத்து கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால்தான். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயரே இருக்கிறது, தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியில். "எதுக்கு ஆன்ட்டி பானைல பேரு?" என்று ஒருத்தி என்னைக் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "எங்க வீட்டு எவர்சில்வர் குடத்துல ஆச்சி பேரு வெட்டியிருக்குல்ல, அதே மாதிரிதான்" என்றாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது ரோட்டோரத்தில் நாலு சின்ன மண்சட்டி வாங்கினோம். அன்று மதியம் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆணியால் பெயர் கீற ஆரம்பித்தார்கள். பச்சை மண்ணில் எழுதினால் சுலபம், ஆனால் அந்த ஓடுகளில் பெரும்பாலும் சுட்ட பிறகு கீறியதுதான், அதனால் நாங்களும் அப்படித்தான் என்று பிடிவாதம். பல் கூசுகிற அந்தச் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்டேன். தமிழியில் க என்றால் கூட்டல் குறி, ர என்றால் ஒரு நேர்கோடு, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கீறலாம். ஆனால் ட அரை வட்டம், அங்கேதான் ஆணி வழுக்கும். ஒரு சட்டி இரண்டாகவே போய்விட்டது. உடைத்தவள் கொஞ்சமும் கலங்காமல், "அகழாய்வுல கிடைச்சதுன்னு வச்சுக்குவோம்" என்றாள். இன்னொருத்தியின் பெயரில் ஷ வருகிறது. ச போட்டுக்கொள் என்று மூன்று பேரும் சொல்ல, அவள் மாட்டேன் என்று ஒரே சண்டை. பிராகிருதம் என்ற வடக்கத்திப் பழைய மொழியின் சொல் வந்த இடங்களில் அந்தக் காலத்திலேயே அதை எழுதிய பிராமி எழுத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று கூகுளில் தேடிக் காட்டிய பிறகுதான் அடங்கினாள்.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. எழுத்து கைக்கு வந்ததும் நாலு பேரும் அதில் சீட்டு எழுதி, எங்கள் டிவி ஸ்டாண்டில் இருந்த என் மகளின் சட்டிக்குள் போட ஆரம்பித்தார்கள். போன் இருக்கும்போது இது எதற்கு என்றால், "போனை நீ பார்ப்பியே" என்கிறாள். நியாயம்தான்.

ஒரு நாள் தூசி தட்டும்போது ஒரு சீட்டு கையில் வந்தது. கூட்டல் குறியும் கோடுமாக இருந்ததால் முதலில் கணக்கு ஹோம்வொர்க் என்றே நினைத்தேன். மகள் குளிக்கப் போன நேரம், அவள் பீரோ கதவில் ஒட்டியிருந்த எழுத்து அட்டவணையை போனில் படம் எடுத்துக்கொண்டு, அடுப்படி மேடையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். இதே தமிழி எழுத்தில் மாங்குளம் மலையில் உள்ள கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டுபிடித்தார், அதில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியது 1924-இல். அவர்களுக்கே 40 வருஷம் ஆனது, எனக்கு ஒரு குக்கர் சாதம் குழைந்துபோகிற நேரம்தான் ஆனது.

முதல் சொல் 'வியாழன'. பழைய எழுத்துகளில் பல இடங்களில் புள்ளி இருக்காது என்பதால் இவர்களும் புள்ளி வைப்பதில்லை. அடுத்து 'மாலை'. அதற்கடுத்து சி, க, ர. அப்படியே நின்றுவிட்டேன். சிகரெட்டா? 14 வயதில்? கை நடுங்கிக்கொண்டே அடுத்த எழுத்தைத் தேடினால் த, அப்புறம் ண, அப்புறம் டா. சிகரதணடா. ஜ இல்லாத, புள்ளியும் இல்லாத ஜிகர்தண்டா! சிரிப்பு வந்தது, ஆனால் முழுக்கச் சிரிக்க விடவில்லை கடைசி வரி: 'அமமா வேணடாம'.

ஜிகர்தண்டா குடிக்க விளக்குத்தூண் வரைக்கும் நாலு பேரும் தனியாகப் போய்வரத் திட்டம். மறித்துப் பேசலாமா, அவள் அப்பாவிடம் சொல்லலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன். அப்புறம் அதே சீட்டின் பின்பக்கம் பென்சிலால், அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எழுதி, மடித்துச் சட்டிக்குள்ளேயே போட்டேன்: 'எனககு ஒரு பாரசல'.

ராத்திரி அவள் அறையிலிருந்து "அய்யோ, அம்மா படிச்சிருச்சு டீ!" என்று போனில் கத்தியது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.