கிருஷ்ணகிரி டு ஒகேனக்கல்: ஹைபிரிட் ஓட்டுனா சைக்கிளிஸ்ட் இல்லையா?

ரூட்டு, செலவு, சாப்பாடு எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஆனா முதல்ல இந்த கோவத்த இறக்கி வச்சாதான் மத்தது வரும். போன ஞாயிறு கிருஷ்ணகிரிலேர்ந்து ஒகேனக்கலுக்கு ஒரு குரூப் சைக்கிள் ரைடு. பெங்களூர், ஓசூர் பக்கத்துலேர்ந்து வந்த டீம், எல்லாம் ரோடு பைக், அதான் குனிஞ்சு ஓட்டுற, ஹேண்டில்பார் வளைஞ்ச ரேஸ் சைக்கிள். ஹைபிரிட் வச்சிருந்தது நானும் எங்க ஆபீஸ் அண்ணனும் மட்டும்தான். கிளம்புறதுக்கு முன்னாடியே லீட் பண்ண வந்தவரு அண்ணனோட ஹேண்டில்பார தட்டிப் பாத்துட்டு, "சார், அடுத்த தடவ ஒழுங்கான சைக்கிள் வாங்கிட்டு வாங்க, இது பார்க்க சுத்துறதுக்கு"ங்கிறாரு. அண்ணனுக்கு அம்பது வயசு தாண்டிருச்சு, முதுகுல டிஸ்க் பிரச்சன, குனிஞ்சு ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதால நேரா உக்காந்து ஓட்டுற மாதிரி தேடித் தேடி வாங்குன சைக்கிள் அது. அவரு "சரிங்க"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்குதான் வயிறு எரிஞ்சுது.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. ஹைபிரிட்னா ரோடு பைக்குக்கும் மலை பைக்குக்கும் நடுவுல உள்ளது. நேரான ஹேண்டில்பார், கொஞ்சம் அகலமான டயர், எங்களோடது 35 மில்லிமீட்டர், அவங்களோடது 25. சக்கரத்தோட ரிம் அளவு ரெண்டுலயும் ஒண்ணேதான், 622 மில்லிமீட்டர், இத சொன்னா நிறைய பேரு நம்பவே மாட்டாங்க. வெயிட்டு நாலு கிலோ கூட இருக்கும், வெல பாதிக்கும் கம்மி. மாசச் சம்பளத்துல வீட்டு வாடக, பசங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிச்சம் பிடிச்சு வாங்குற ஆளுக்கு இதுதான் கைக்கு எட்டுது, இதுல என்ன கொறச்சல்?

ஹைவேல காவேரிப்பட்டணம் போறதுக்குள்ள ஒருத்தரும் கண்ணுல இல்ல. அவங்க வேகம் நெஜமாவே வேகம்தான், நான் அத ஒத்துக்கிறேன். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும், குனிஞ்சு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒட்டிப் போனா முன்னாடி இருக்கிறவரே காத்த வாங்கிக்குவாரு, பின்னாடி வர்றவருக்கு பாரம் கொறையும். நேரா உக்காந்து தனியா போற எங்களுக்கு முழுக்காத்தும் நெஞ்சுல. அதுக்காக வேகத்த கொறைங்கன்னு நாங்க யாரையும் கேக்கல. பாலக்கோடு திரும்புற எடத்துல ஒருத்தராவது நின்னு கைய காட்டிட்டு போயிருக்கலாம், அவ்வளவுதான் கேக்குறோம்.

பாலக்கோடு ரோட்டுல ஏறுனதுக்கப்புறம் மனசு மாறிடுச்சு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, கூழ் ஃபேக்டரிக்கு போற பெங்களூரா மாங்கா லோடு ஒண்ணு மாத்தி ஒண்ணு, அந்த வாசனையிலேயே பசி எடுத்துடும். நடுநடுவுல பேட்ச் போட்ட ரோடு, ஊருக்கு ஊரு ஸ்பீடு பிரேக்கரு, 35 டயருக்கு அது ஒரு விஷயமே இல்ல. அண்ணன் பாட்டு பாடிட்டே வந்தாரு. பாலக்கோட்டுல தக்காளி மண்டி பக்கம் ஒரு கடையில டீ, ரெண்டு போண்டா, ஆளுக்கு 35 ரூபா.

பாப்பாரப்பட்டில நின்னே ஆகணும்னு அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தாரு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியா இருந்த ஊரு, 1925 ஜூலை 23 அன்னிக்கு இங்கதான் செத்தாரு, நினைவிடம் இருக்கு. ஜெயில்ல தொழுநோய் வந்து, அந்த நோயக் காரணம் காட்டி வெள்ளக்காரன் அவர ரயில்ல ஏறக்கூடாதுன்னு தடுத்தான், அப்பவும் அவரு ஓயல, நடந்தும் கட்டவண்டிலயும் ஊர் ஊரா போய் பேசுனாரு. அங்க நிக்கும்போது எனக்கு தொண்ட அடச்சுது. அண்ணன் கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. டீமு இந்த எடத்துல நிக்கவே இல்ல, நின்னா ஆவரேஜ் வேகம் விழுந்துடுமாம், அத பின்னாடி ஒகேனக்கல்ல அவங்களே சொன்னாங்க. இவ்ளோ தூரம் மிதிச்சு வந்து இத பாக்காம போறது எனக்கு சுத்தமா புரியல.

பென்னாகரம் வரைக்கும் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, வெயில்தான். அதுக்கப்புறம் காடு, ஒகேனக்கல் வரைக்கும் இறக்கம், யானை கடக்குற எடம்னு போர்டு, கொண்ட ஊசி வளைவு, ரோட்டோரம் பூரா கொரங்கு. டிஸ்க் பிரேக்கு இருந்ததால அண்ணன் நிதானமா, பயமில்லாம இறங்குனாரு.

இப்ப சாப்பாடு. ஒகேனக்கல் போயிட்டு ஓட்டல்ல உக்காந்து பிரியாணி சாப்பிடுறவங்கள பாத்தா எனக்கு ஆத்தாமையா இருக்கும். மீன் கடையில மீன வாங்கணும், அங்கயே சமைச்சுக் குடுக்குற அக்காங்ககிட்ட குடுக்கணும், கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. நாங்க ஒரு கிலோ கட்லா வாங்கி பாதி கொழம்பு, பாதி வறுவல்னு சொன்னோம். அக்கா எங்க சைக்கிளப் பாத்துட்டு "எங்கிருந்துப்பா மிதிச்சு வர்றீங்க? கிருஷ்ணகிரியா? அடி ஆத்தீ, உக்காருங்க மொதல்ல"ன்னு சொல்லி பாயப் போட்டு, தண்ணி குடுத்து, வறுவல்ல கூட ரெண்டு துண்டு வச்சாங்க. மசாலா அம்மியில அரச்சது, புளி சரியா பிடிச்சிருந்துது, மூணு தடவ சோறு வாங்கி சாப்பிட்டேன். மீனு, கூலி, சோறு எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு 480 ரூபா. அந்த அக்கா ஹேண்டில்பாரு நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு பாக்கல.

திரும்புறதுக்கு ஒரு குட்டி யானை லோடு வண்டிக்காரரு தர்மபுரி வரைக்கும் 2500 கேட்டாரு, ரெண்டு சைக்கிளு ரெண்டு ஆளுக்கு! ஞாயித்துக்கிழம, வேற வண்டி கெடைக்காதுங்கிற தெம்பு. 1000 வரைக்கும் பேசிப் பாத்தோம், மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. அண்ணன் "வா தம்பி, ஏறிடலாம்"னாரு. நாலு மணிக்கு மேல வெயில் தணிஞ்சு ஏற ஆரம்பிச்சோம். ஏத்தத்துல வேகம் கம்மி, அதனால காத்து ஒரு பொருட்டே இல்ல, அங்க கியருதான் பேசும். எங்க சைக்கிள்ல முன்னாடி சின்ன பல்சக்கரம் 28 பல்லு, பின்னாடி பெரிசு 34, சுத்திக்கிட்டே இருந்தா போதும், மூச்சு வாங்காது. பாதி ஏத்தத்துல டீம்லேர்ந்து ரெண்டு பசங்க எறங்கி தள்ளிட்டு நின்னாங்க, காலேஜ் பசங்க, அவங்களையும் விட்டுட்டுதான் மத்தவங்க கார்ல சைக்கிள ஏத்திட்டு போயிட்டாங்க. அண்ணன் நின்னு கடல மிட்டாய், தண்ணி குடுத்து, "மெதுவா வாங்க தம்பி, ஒண்ணா போலாம்"னு பென்னாகரம் வரைக்கும் கூடவே கூட்டிட்டு வந்தாரு. லைட்டு மங்குற நேரம், யானை காடு, அந்த பசங்கள தனியா விட்டுட்டு போக எப்படி மனசு வந்துதுன்னு இன்னும் எனக்கு ஆறல. பென்னாகரத்துல காய்கறி எறக்கிட்டு திரும்புன ஒரு வண்டி, நாலு பேரு நாலு சைக்கிளு, தர்மபுரிக்கு 600 ரூபா, ஆளுக்கு 150.

வண்டியில வரும்போது அந்த பசங்கள்ல ஒருத்தன் "அண்ணா, ஹைபிரிட்ல பிரெவே பண்ண விடுவாங்களா?"ன்னு கேட்டான். தாராளமா விடுவாங்க. பாரிஸ்ல இருக்கிற ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்ங்கிற சைக்கிள் கிளப்போட விதிப்படி, குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு அது, நம்ம கால் பலத்துல ஓடுற வண்டியா இருந்தா சரி, எந்த மாடல்னு கேக்கிறதில்ல. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. கணக்கு போட்டு பாருங்க, 200-க்கு மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வேண்டாம், டீ குடிச்சு சாப்பிட்டு நின்னு போற நேரம் எல்லாம் சேத்துதான். அங்க ஜெயிச்சவன் தோத்தவன் கெடையாது, நேரத்துக்குள்ள வந்தவங்க எல்லாரும் ஒரே லிஸ்ட்டுதான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்குற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டரும் இதே கிளப்பு நடத்துறதுதான். உலகம் பூரா மதிக்கிற கிளப்பே சைக்கிள் வகைய பாக்கல, ஞாயித்துக்கிழம ரைடுக்கு வர்ற நாம ஏன் பாக்கணும்?

மொத்த செலவு எனக்கு 500-க்குள்ள முடிஞ்சுது, கிருஷ்ணகிரி திரும்புன பஸ் டிக்கெட் தனி, சைக்கிள அண்ணனோட சொந்தக்காரர் வீட்ல போட்டுட்டு மறுநாள் எடுத்தோம். அந்த குரூப்போட இனிமே நான் போகல. அண்ணனும் நானும், அந்த ரெண்டு பசங்களும் சேந்து அடுத்த மாசம் ராயக்கோட்டை பக்கம் போறோம். ஹைபிரிட், ரோடு பைக், ஸ்கூல்ல குடுத்த இலவச சைக்கிள் எதுவா இருந்தாலும் வாங்க, திருப்பத்துல எல்லாம் நின்னு ஆள எண்ணிட்டுதான் கிளம்புவோம். ஹெல்மெட், ரெண்டு லிட்டர் தண்ணி, உங்க டயர் அளவுக்கு ஒரு ஸ்பேர் டியூப் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, பம்ப் எங்ககிட்ட இருக்கு.