மழையைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்துவது

ராமநாதபுரம் கடற்கரையில் மழையே பெய்யாது என்ற நினைப்பில்தான் இங்கே பெரும்பாலான மாட்டுப்பண்ணைகள் கட்டப்படுகின்றன. தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர்கள் சொன்னதை நாமே நம்பிவிட்டோம். மழை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வருகிற மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழையில் மாட்டுக் கொட்டகை என்ன ஆகும் என்பதை, கொட்டகை கட்டும் நாளில் யாரும் யோசிப்பதில்லை.

நான் படித்தது சிவில் டிப்ளமா. வீடு கட்டும் வேலையில் ஆரம்பித்து, எப்படியோ பண்ணைக் கொட்டகைகள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன். சாயல்குடியிலிருந்து உச்சிப்புளி வரை எனக்கு வருகிற அழைப்புகள் முக்கால்வாசி ஒரே மாதிரிதான்: "தம்பி, சாணித்தண்ணி போக ஒரு வழி பண்ணிக் கொடுங்க." வழி பண்ணிக் கொடுப்பது என்றால் அவர்கள் மனதில் இருப்பது ஒரு வாறுகால், அதாவது கழிவுநீர் ஓடுகிற சாக்கடை வாய்க்கால். அது முடிகிற இடம் அடுத்தவர் நிலமாகவோ ஓடையாகவோ இருக்கும். ஓடை முடிகிற இடம் கடல்.

சாணத்தை அழுக்கு என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். "வாசல் தெளிக்கிறது எப்படித் தம்பி அழுக்காகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊரில் மந்தை மேய்க்கும் கீதாரிகள், இரவில் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அடுத்த வயல் என்று கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். சாணமும் மூத்திரமும் நிலம் தாங்கும் அளவுக்குப் பரவும். பண்ணை நகராது. ஒரு கலப்பின மாடு நாளைக்கு இருபது கிலோ சாணம் போடும், பத்துப் பதினைந்து லிட்டர் மூத்திரம் விடும். இருபது மாடு ஒரே இடத்தில் வருஷம் முழுக்க நின்றால், அந்த இடம் எவ்வளவைத்தான் குடிக்கும்?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் ஒரு ஊர். சவுதியிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய், தென்னந்தோப்புக்குள் இருபது மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். சுத்தமான மனிதர். தினமும் இரண்டு வேளை குழாய் பிடித்துத் தரையைப் பளிச்சென்று அடித்துக் கழுவ வைப்பார். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "மணல்தானே தம்பி, உறிஞ்சிக்கிடுது" என்றார்.

உறிஞ்சத்தான் செய்கிறது. இந்தக் கடலோர மணலுக்குக் கீழே உவர்நீரின் மேல் ஓர் அடுக்காக நல்ல தண்ணீர் நிற்கிறது. மழை கொடுத்த தண்ணீர் அது. உவர்நீரைவிட எடை குறைவு என்பதால் மேலே மிதக்கிறது. ஊற்றுத் தோண்டிக் குடித்ததெல்லாம் இதைத்தான். பாய் கழுவிய தண்ணீரும் நேரே அதில்தான் இறங்குகிறது. மணல் சாணத்தின் திப்பியை மேலே நிறுத்திக்கொள்ளும். மூத்திரத்திலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை நிறுத்தாது. அது கரைந்து கீழே போய்விடும். பக்கத்துத் தோப்பு வீட்டில் இருந்த ஆத்தா, "கிணத்துத் தண்ணிய வாய்ல வைக்க முடியலப்பா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பியதில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று ஆத்தா நினைத்திருந்தார். தண்ணீர் ஆவியாகப் போய் நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

புத்தகங்களில் இதற்குச் சொல்லும் முதல் வழி, ஒரு பெரிய குழி வெட்டி அதில் கழிவுநீரைச் சேர்ப்பது. மேட்டு நிலத்தில் அது சரி. இங்கே கார்த்திகையில் மூன்று நான்கு அடியில் தண்ணீர் ஊறிவிடும். வெட்டிய குழி கிணறாகிவிடும். சாணித்தண்ணியைக் கிணற்றில் ஊற்றிவிட்டுச் சேமிப்புத் தொட்டி என்று பெயர் வைத்திருப்போம். அதனால் இந்தக் கரையில் எதையும் கீழே தோண்டாமல் மேலே கட்ட வேண்டும் என்பது என் கட்சி. கொட்டகைத் தரையை இரண்டு மூன்று அடி உயர்த்தினால், கழிவுநீர் தானாகவே தரைக்கு மேலிருக்கும் தொட்டிக்கு ஓடிவிடும். பழைய கொட்டகை என்றால் ஒரு பம்பு வைத்தாக வேண்டும், வேறு வழியில்லை.

ஆனால் தொட்டிக்கு முன்னால் மழையைப் பார்க்க வேண்டும். பாயிடம் நான் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அவர் மாடுகள் நிற்கும் திறந்த முற்றம் 600 சதுர மீட்டர், கூரை 250. பத்து சென்டிமீட்டர் மழைக்கு முற்றத்தில் 60,000 லிட்டர், கூரையிலிருந்து 25,000. அவர் தினமும் கழுவுவது சுமார் 1,500 லிட்டர். ஒரே நாள் மழை, கிட்டத்தட்ட இரண்டு மாதக் கழுவு தண்ணீருக்குச் சமம். அத்தனையும் சாணத்தோடு கலந்தால் அந்த 85,000 லிட்டரும் கழிவுநீர். கலக்காவிட்டால் நல்ல தண்ணீர். எந்தத் தொட்டியும் 85,000 லிட்டருக்குக் கட்ட முடியாது. ஆக வேலையே மழையைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்துவதுதான்.

பாய் இதற்கெல்லாம் அசையவில்லை. கடலுக்கு நல்லது, அடுத்த வீட்டுக்கு நல்லது என்று பேசினால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது கூரைத் தண்ணீர் பேச்சில். தொழுவத்துப் பக்கம் இருந்த அவருடைய போர்வெல்லில் உவர்நீர். உவர்நீரில் மாடு போதுமான அளவு குடிக்காது, பால் குறையும் என்பது அவருக்கே தெரியும். கறவை மாட்டுக்கு நாளைக்கு எழுபது லிட்டர் என்று வைத்தால், கூரையில் விழும் 25,000 லிட்டர் இருபது மாட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும். "அப்ப உடனே பைப்பு போடுங்க தம்பி" என்றார். உப்புக்காற்றில் தகரக் கால்வாய் ரொம்ப நாள் தாங்காது. ஆறு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கூரையோரம் மாட்டினோம். முதலில் விழும் அழுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வால்வு.

மேட்டுப் பக்கத்திலிருந்து தோப்புத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வரப்பு வேண்டும். மணலில் வரப்பு போட்டால் முதல் மழைக்கே கரைந்துவிடும். கண்மாய்க் களிமண் அடித்து, மிதித்து, மேலே புல் பதித்தோம். முற்றத்தில் பாதி இடத்தின் மேல் கூரை நீட்டினோம். மாடுகள் அதிக நேரம் நிற்கிற பாதி அது. எருக்குவியலைக் களிமண் மேடை மேல் ஏற்றி, பனையோலைக் கூரை போட்டோம். தகரத்தைவிட ஓலைதான் இந்தக் காற்றுக்கு லாயக்கு. எருவைத் தென்னைக்குப் போட்டது போக, தங்கச்சிமடம் பக்கத்து மல்லிகை நாற்றுக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

கழுவுவதில்தான் சண்டை வந்தது. முதலில் வாரு, பிறகு கழுவு என்றேன். ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன் பழைய டயரை வெட்டிக் கட்டையில் அறைந்து ஒரு வாரி செய்துகொண்டான். கடையில் வாங்கிக் கொடுத்ததைவிட அது நன்றாக வேலை செய்தது. தண்ணீர் பாதியாகக் குறைந்தது. பாய்க்குத்தான் தரை முன்போலப் பளிச்சென்று இல்லை என்று வருத்தம்.

இன்னொன்று, யாரும் கணக்கில் எடுக்காதது: கெட்டுப்போன பால். மடிநோய் கண்ட மாட்டின் பாலையும் கேன் கழுவிய தண்ணீரையும் வாறுகாலில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சாக்கடையில் ஒரு லிட்டர் மட்க 200, 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். பாலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு லிட்டர் பாலைக் கொட்டுவதும் சில நூறு லிட்டர் சாக்கடையைத் திறந்துவிடுவதும் தண்ணீருக்கு ஒன்றுதான். எருக்குவியலில் ஊற்றச் சொன்னேன்.

மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் நம் கரையோரத்தில் ஆழம் குறைந்த கடல். கடல் பசு மேய்கிற கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். சாணத்திலும் மூத்திரத்திலும் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகமாகச் சேர்ந்தால் பாசி படிந்து அதை மூடிவிடும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைக் கைகாட்டினார்கள். அந்த மாதிரிப் பெருக்கத்துக்குக் காற்று, நீரோட்டம் என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. இருபது மாட்டுத் தொழுவத்தை அதோடு முடிச்சுப் போட எனக்கு மனசு வராது. ஓடை முகத்தில் பாசி கட்டி நாறுவதற்கு மட்டும் இருபது மாடு தாராளமாகப் போதும்.

கடைசியில் தொட்டி. வாரிக் கழுவினால் மூத்திரமும் தண்ணீருமாக நாளைக்கு ஆயிரம் லிட்டர். திப்பி படிந்தபின் அதைத் தென்னைப் பாத்திகளுக்கும் கம்பு நேப்பியர் புல்லுக்கும் மாற்றி மாற்றி விடலாம். அடைமழையில் விட முடியாது, நனைந்த மணல் அப்படியே கீழே அனுப்பிவிடும். ஒரு மாதத்துக்குத் தாங்க 30,000 லிட்டர் வேண்டும் என்றேன். செலவைப் பார்த்துவிட்டுப் பாய் பதினைந்தாயிரத்தில் நின்றார். அடைமழை பத்துப் பதினைந்து நாளில் விட்டுவிட்டால் தப்பித்தார். இடத்தை மட்டும் இரண்டாவது தொட்டிக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆத்தாவின் கிணறு உடனே தெளியாது. மண்ணில் இறங்கியது சில மழைக்காலங்களுக்கு இருக்கும். தென்னைக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதான். சமையலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, வருகிற நாளில். வராத நாளைக்கென்று, தோப்பின் மேற்கு மூலையில் நல்ல தண்ணீர் இருக்கும் இன்னொரு போரிலிருந்து பாய் தன் செலவில் குழாய் இழுத்துக் கொடுத்திருக்கிறார். மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில் இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.