பட்டாசுக்கு வலப்பக்கம் வரவில்லை

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் அதே கதைதான். என் குதிரை இடப்பக்க வட்டத்தில் சொன்னதைக் கேட்கிறான், வலப்பக்கம் திருப்பினால் மரக்கட்டை. கேன்டர் கேட்டால் கழுத்தை மேலே தூக்கி, டிராட்டையே வேகமாக்கி, தடதடவென்று அரை வட்டம் போய், கடைசியில் ஒருவழியாக எடுக்கிறான், அதுவும் தப்பான காலில். பழக்கமில்லாதவர்களுக்காக: கேன்டர் என்பது குளம்புச் சத்தம் மூன்று தட்டாகக் கேட்கும் ஓட்டம், டிராட் அதைவிட மெதுவான, இரண்டு தட்டு ஓட்டம். வலப்பக்கம் சுற்றும்போது வலது முன்னங்கால் முந்திப் போக வேண்டும், அதைத்தான் வலது லீட் என்கிறோம். இடது முந்தினால் வளைவில் குதிரை தடுமாறும், மேலே இருப்பவருக்கு ஒரு சக்கரம் கழன்ற வண்டியில் போவது மாதிரி இருக்கும். ஏழு மாதமாக நான் போவது அந்த வண்டியில்தான்.

பெயர் பட்டாசு, நான் வைத்ததல்ல, வாங்கும்போதே கூட வந்தது. நனைந்த பட்டாசு என்று வைத்திருக்கலாம். 14 வயது, பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, சுமார் 450 கிலோ. எனக்கு 41 வயது, சேணத்தில் ஏறி மூன்று வருடம்தான் ஆகிறது, வாரத்தில் மூன்று நாள், மழை வந்தால் இரண்டு.

சவாரி சொல்லித்தரும் மாஸ்டரிடம் "குதிரைக்கு வலப்பக்கம் விறைப்பு மாஸ்டர்" என்றேன். "யாருக்கும்மா விறைப்பு?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். இவர் எப்போதுமே இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நம் தலையில் கட்டிவிடுவார்.

மார்ச் 6, வியாழன்

வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிட்டது, சவாரி இல்லை. உடம்பைத் தேய்த்துவிட்டு, குளம்பைச் சுத்தம் செய்தேன். இடது பின்னங்கால் குளம்பின் நடுவில் இருக்கும் முக்கோணச் சதையின் பள்ளத்தில் கறுப்பாக, களி மாதிரி ஒன்று. மோந்து பார்த்தால் குடலைப் பிரட்டுகிறது. ஈரப் படுக்கையில் நின்றால் வரும் அழுகல்தான், இன்னும் ஆழமாகப் போகவில்லை. சுரண்டி, கழுவி, துணியால் ஒற்றிக் காயவைத்து மருந்து போட்டேன். லாயத்து அண்ணனிடம் படுக்கையை மாற்றச் சொன்னால் "நேத்துதான மாத்துனேன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம்.

மார்ச் 8, சனி

இன்று ஏறவில்லை. நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிட்டேன். இடப்பக்கம் பத்து சுற்று. வலப்பக்கம் திருப்பினேன், "கேன்டர்" என்றேன். எடுத்தான் பாருங்கள், முதல் அடியிலேயே வலது லீட்! பிடரி பறக்க, முதுகு தளர்ந்து, ஏதோ விளம்பரத்துக்கு ஓடுகிற மாதிரி. நிறுத்தி மறுபடி கேட்டேன். மறுபடியும் வலது லீட். ஐந்து தடவை கேட்டதில் ஐந்து தடவையும்.

அதாவது நான் மேலே இல்லாவிட்டால் இவனுக்கு எந்த விறைப்பும் இல்லை.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். வேலியோரம் மாஸ்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

லாடக்காரர் வந்தார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, இது ஏழாவது வாரம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும், அதனால் தள்ளிப்போட்டால் முன்பக்கம் நீண்டு, கால் வைக்கும் கோணமே மாறிவிடும். பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததை வெட்டி, ராவி, புது லாடத்தைச் சூடாக வைத்துப் பார்த்தபோது கருகின முடி வாசனையுடன் புகை எழுந்தது. பட்டாசு அந்தப் புகைக்குள்ளேயே தூங்கி வழிந்தான். குளம்பின் அடியில் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் சுவரில் உணர்வு கிடையாது, ஆணி அங்கேதான் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போய்விட்டால் குதிரை நொண்டும். அவர் ஒவ்வொரு அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடியே அடிக்கிறார்.

எனக்கு ஒரு சின்ன நப்பாசை இருந்தது. "வலது முன்னங்கால்ல ஏதாவது தெரியுதாண்ணே?" என்று கேட்டேன். கழற்றிய லாடங்களை இரண்டு கையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருக்கு. கால்ல ஒண்ணுமில்ல."

சரி, குளம்பும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

விழுந்தேன். மைதானத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் தாள், பட்டாசு நூறு தடவை பார்த்த அதே தாள்தான், காற்றில் ஒரு ஓரம் மட்டும் எழும்பியது. அவன் ஒரே தாவலில் வலப்பக்கம் போனான், நான் நேராகப் போய் இடப்பக்கத் தரையில். ஓடிவிடுவான் என்று பார்த்தால், நாலடி தள்ளி நின்று, 'கீழே என்ன செய்கிறாய்' என்கிற மாதிரி பார்த்துவிட்டு, குனிந்து புல் மேய ஆரம்பித்தான். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இவன் குழி பறிக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. தலை லேசாகத் தரையில் பட்டது, ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டாயிற்று. ஒரு தடவை அடி வாங்கினால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது, இரண்டாவது அடிக்கு அது காப்பாற்றாது. வலித்தது இடுப்பா, புது ஹெல்மெட் செலவா என்று கேட்காதீர்கள்.

இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். இந்த மூன்று வருடத்தில் நான்கு தடவை விழுந்திருக்கிறேன். நான்கும் இடப்பக்கம்.

மார்ச் 21, வெள்ளி

தூங்கவில்லை. எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

நேற்று இரவு 9 மணிக்கு லாயத்து அண்ணன் போன். "பட்டாசு புல்லத் தொடல, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குறான்." வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. போய்ப் பார்த்தால் முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு நிற்கிறான், மேலுதடு சுருண்டு போயிருக்கிறது, விலாவில் வேர்வை. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினேன், நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு 28இலிருந்து 44 வரை இருக்க வேண்டும். வயிற்றில் காதை வைத்தேன். எப்போதும் தண்ணீர் குழாயில் ஓடுவது மாதிரி களகளவென்று இருக்கும் இடம், வலப்பக்கம் சுத்தமாகச் சத்தமே இல்லை.

வயிற்று வலி நமக்கு வந்தால் வாந்தி எடுத்துத் தீர்த்துக்கொள்வோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்பக்கம் திரும்பி வர வழியே இல்லை, அதனால்தான் குதிரை வைத்திருப்பவர்கள் இந்த வலியைக் கேட்டாலே வெலவெலத்துப் போகிறார்கள்.

டாக்டர் 10:15க்கு வந்தார். வலிக்கு ஊசி போட்டு, கையுறையோடு பின்வழியாகக் கையைவிட்டுப் பார்த்தார். குடல் முறுக்கவில்லை, பெருங்குடலில் சாணம் இறுகி அடைத்திருக்கிறது என்றார். அதைக் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. பிறகு மூக்கு வழியாக நீளக் குழாய் இறக்கி, முதலில் வயிற்றிலிருந்து ஏதாவது பின்னால் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் ஊற்றினார். குழாய் இறங்கும்போது பட்டாசு தன் நெற்றியை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டு நின்றான். அவ்வளவு கனமான தலையைத் தாங்குகிறோம் என்பதே அப்போது தெரியவில்லை, காலையில்தான் எலும்பு வலித்தது.

தீனியை எடுத்துவிட்டோம், தண்ணீர் மட்டும். கால் மணிக்கு ஒருதடவை கொஞ்சம் நடத்தினோம். 3 மணிக்கு நாடி 44. 4:40க்கு வாலைத் தூக்கினான். ஆறு உருண்டை, சின்னதாக, எண்ணெய் மினுமினுப்போடு. நானும் அண்ணனும் டார்ச் அடித்து அதை எண்ணினோம். சாணத்தைப் பார்த்துக் கண்கலங்குகிற வாழ்க்கை வரும் என்று யாராவது முன்னாடி சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

காரணம் இதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம். தொட்டியின் அடியில் பாசி வழுக்கியது. காலையிலேயே தேய்த்துக் கழுவினேன்.

மார்ச் 30, ஞாயிறு

டாக்டர் சொன்னபடி பத்து நாள் ஓட்டம் இல்லை, ஒன்பதாம் நாளான இன்று நடை மட்டும். மாஸ்டர் கால் வைக்கும் வளையங்களான ஸ்டிரப் இரண்டையும் கழற்றிவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். நடை நான்கு தட்டு: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். பின்னங்கால் முன்னே வரும்போது குதிரையின் அந்தப் பக்கத்து முதுகு இறங்கும், கூடவே நம் உட்காரும் எலும்பும் இறங்கும். "இடது பின்னங்கால் வரும்போதெல்லாம் சொல்லும்மா" என்றார். சொன்னேன், பத்துக்குப் பத்து. "இப்ப வலது."

தெரியவில்லை. மங்கலாகக்கூட இல்லை, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஊகித்துச் சொன்னேன், மூன்று தடவையும் அவரிடமிருந்து "இல்ல... இல்ல... இல்ல" என்றுதான் வந்தது. கடைசியில் அவரே சொன்னார்: "நீ வலப்பக்கம் உட்காரவே இல்ல. அப்புறம் எப்படித் தெரியும்?"

ஏப்ரல் 5, சனி

சேணத்தைக் கழுவ உட்கார்ந்தேன். ஸ்டிரப் தொங்கும் தோல்வார் இரண்டையும் கழற்றி ஒரே ஆணியில் மாட்டினால், இடது வார் ஒரு விரல் அகலம் கீழே இறங்கி நிற்கிறது! ஒரே ஓட்டையில்தான் இத்தனை நாளாக இரண்டையும் மாட்டியிருந்தேன். ஏறுவது எப்போதும் இடப்பக்கம், மொத்த எடையும் அந்த வாரில், நாளாக நாளாக நீண்டிருக்கிறது. அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும் என்று முதல் மாதமே சொல்லித் தந்தார்கள். நான் கேட்டேன், தலையாட்டினேன், ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு அளந்து சமப்படுத்தி ஏறினேன். வலப்பக்க கேன்டர் கேட்டேன். இடது லீட்.

தோழி போனில் எடுத்த வீடியோவைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் உறைத்தது. வலது இடுப்பு மடங்கி, வலது தோள் கீழே தொங்கி, பின்புறம் முழுக்க சேணத்தின் இடப்பக்கம் நழுவி உட்கார்ந்திருக்கிறேன். வலப்பக்கம் சாய்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது, எடையோ இடப்பக்கம் விழுகிறது. குதிரை எடை போகும் பக்கம் போகப் பார்க்கும். நான் வாயால் வலது என்று கேட்டு, உடம்பால் இடது என்று கேட்டிருக்கிறேன், அவனும் உடம்பு சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

ஏப்ரல் 9, புதன்

வீட்டில் இருந்த எடை பார்க்கும் மெஷினோடு தோழியிடம் இன்னொன்று வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நின்றேன். இடது 35 கிலோ, வலது 27. அலுவலகத்தில் நாள் முழுக்க வலது முழங்கையை மேசையில் ஊன்றிச் சாய்ந்து உட்காருவேன், இன்று கவனித்ததில் காலை மட்டும் பதினோரு தடவை. பட்டாசின் விறைப்புக்காக நான் படித்துத் தள்ளிய பக்கங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்டிரப் இல்லாமல், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி வலப்பக்க டிராட், இருபது நிமிடம். கையைத் தூக்கினால் இடுப்பு மடங்க முடியாது. கூரையில் ஏதோ தேடுகிற மாதிரி இருந்திருப்பேன். இறங்கியபோது தொடை நடுங்கியது.

ஏப்ரல் 19, சனி

ஈக்கடி, அவனுக்கு எரிச்சல், எனக்கு அதைவிட. எதுவும் நடக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வலது லீட் எனக்குக் குதிரைக் கொம்புதான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

20 மீட்டர் வட்டம், வலப்பக்கம், உட்கார்ந்த டிராட். மூலையை நெருங்கும்போது ஒரு கணம் முதுகை நிமிர்த்தி அவனை நிதானப்படுத்தினேன். வலது எலும்பு சேணத்தில் குத்துவது தெரிந்தது, தெரிந்தது! இடது காலைச் சேணத்தின் வயிற்று வாருக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துக் கேட்டேன், அவ்வளவுதான், உதைக்கவில்லை, கழுத்தை இழுக்கவில்லை. அவன் முதுகு எனக்கு அடியில் ஒரு அலை மாதிரி எழுந்தது, கழுத்து மேலே போகவேயில்லை. குனிந்து பார்க்காதே என்று எத்தனை தடவை திட்டு வாங்கியும் குனிந்து பார்த்தேன், வலது தோள் முந்திக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பதாவது அடியில் "மாஸ்டர்!" என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் பட்டாசு டிராட்டுக்கு இறங்கிவிட்டான்.

"வாய மூடிட்டு இன்னொரு தடவ எடு" என்றார். எடுத்தான். பதினான்கு அடி. மூன்றாவது தடவை கேட்கவில்லை, இறங்கி வயிற்று வாரைத் தளர்த்திவிட்டேன். அவன் நேராக மணலுக்குப் போய்ப் புரண்டான், நான்கு காலும் வானத்தில்.

மே 4, ஞாயிறு

அதே இரண்டு மெஷினில் இடது 33, வலது 29. மாஸ்டரின் புது உத்தரவு: இனி ஒருநாள் விட்டு ஒருநாள் வலப்பக்கத்திலிருந்து ஏற வேண்டும், ஸ்டிரப் வாரும் நீளாது, குதிரையின் முதுகும் ஒரே பக்கம் இழுபடாது, எனக்கும் உடம்பு பழகும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஏறுபலகையை வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தவுடனேயே பட்டாசு கழுத்தைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். முதல் தடவை தொங்கினேன். இரண்டாவது தடவை பழக்கதோஷத்தில் இடது காலை ஸ்டிரப்பில் நுழைத்து எம்பப் போனேன், லாயத்து அண்ணன் "ஏம்மா, வாலப் பாத்து உக்காரப் போறியா?" என்று கத்தாவிட்டால் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.