ஒரு மாதம் நிலாவுக்கு வருகைப் பதிவு போட்ட கதை

போன அமாவாசைக்கு மறுநாள் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்: நாள், உதயம், அஸ்தமனம், கண்ணில் பட்டது. மாதம் முழுக்க நிலா எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று மொட்டை மாடியிலிருந்து பார்த்துக் குறிக்க வேண்டும். அதை எங்கள் ஊருக்கான அட்டவணையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். நிலா தினமும் 50 நிமிடம் பிந்தி உதிக்கும் என்று எப்போதோ படித்திருந்த ஒரே வரிதான் கையிருப்பு. அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை ஒன்றும் தெரியவில்லை. சூரியன் இறங்கி முக்கால் மணி நேரத்துக்குள் நிலாவும் இறங்கிவிட்டது. அந்திவெளிச்சத்தில் அந்த மெல்லிய கீற்றைக் கண்டுபிடிக்க என் கண்ணால் ஆகவில்லை. இரண்டாம் நாள் 6:50க்குக் கிடைத்தது. மேற்கே ஒரு மின்கம்பத்துக்கு இரண்டு விரல் மேலே, வெட்டிப் போட்ட நகம் போல, படகாகச் சாய்ந்து கிடந்தது. படங்களில் எல்லாம் பிறை நின்றுகொண்டுதானே இருக்கும் என்று குழம்பினேன். விஷயம் எளிது. பிறையின் வயிறு எப்போதும் சூரியன் பக்கம்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் நிலாவுக்கு ஏறக்குறைய நேர் கீழே இறங்குவதால் வெளிச்சம் அடிப்பக்கம் விழுகிறது. துருவம் நோக்கிப் போகப்போக பிறை எழுந்து நிற்கும்.

மூன்றாம் நாள் பைனாகுலர் வைத்துப் பார்த்தபோது பிறைக்குள் மீதி நிலாவும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. அது பூமியில் பட்டுத் திரும்பிய வெயில். அந்த நாட்களில் நிலாவிலிருந்து பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும். அந்த வெளிச்சம்தான் நிலாவின் இருட்டுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி இந்தக் காரணத்தை எழுதி வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு கதைகளில் 'நள்ளிரவில், உச்சி வானில் மூன்றாம் பிறை' என்று வந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மூன்றாம் பிறை நள்ளிரவு வரை விழித்திருக்காது. இரவு ஒன்பது மணிவாக்கில் படுக்கப் போய்விடும்.

ஐந்து முதல் எட்டாம் நாள் வரை மேகம். இடையில் ஏழாம் நாள் மதியம் மூன்றரைக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனவன் கிழக்கே வெளுத்த அரை நிலாவைப் பார்த்தேன். வளர்பிறை அரை நிலா நண்பகல்வாக்கில் உதித்து நள்ளிரவுவாக்கில் மறையும். நிலா அடிவானத்துக்கு மேலே இருக்கும் நேரத்தை மாதம் முழுக்கக் கூட்டினால் ஏறக்குறைய பாதி பகலில்தான் வருகிறது. இத்தனை வருடம் அண்ணாந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒளிர்வு சதவீதத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தது அப்போதுதான். அதில் ஒரு வேடிக்கை. அரை நிலாச் சமயத்தில் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பௌர்ணமியை நெருங்கினால் நகரவே மாட்டேன் என்கிறது. பௌர்ணமிக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் சுமார் 99 சதவீதம். மூன்று நாளும் முழு நிலா மாதிரியே தெரிவது இதனால்தான். இன்னொன்று, அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். அரை நிலா அன்று மாடியில் நோட்டின் கோடு கூடத் தெரியவில்லை, பௌர்ணமி அன்று நன்றாகவே தெரிந்தது. தேடிப் பார்த்தால், அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டில் வெயில் விழும்போது நிலாவின் பள்ளங்களும் மேடுகளும் தங்கள் நிழலாலேயே பாதியை மறைத்துவிடுகின்றன. நேரே வெயில் விழும் பௌர்ணமியில் நிழலுக்கு இடமே இல்லை.

பௌர்ணமிக்குத்தான் பெரிய ஏற்பாடு. அட்டவணைப்படி உதயம் 6:08. ஆறு மணிக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 6:08, 6:15, 6:25... ஒன்றும் இல்லை. அட்டவணையைத் திட்டிக்கொண்டிருந்தபோது 6:31க்கு எதிர்க் கட்டடத்தின் இடது ஓரத்திலிருந்து ஆரஞ்சு விளிம்பு எட்டிப் பார்த்தது. 23 நிமிடம் வித்தியாசம்.

தப்பு அட்டவணையில் இல்லை, கட்டடத்தில். அட்டவணை சொல்லும் உதயம் என்பது, மறைப்பே இல்லாத சமமான அடிவானத்தை நிலாவின் மேல் விளிம்பு தொடும் நேரம். என் அடிவானத்தில் கட்டடம் நிற்கிறது. கையை நேராக நீட்டிப் பிடித்தால் நடு மூன்று விரல்களின் அகலம் சுமார் 5 டிகிரி. கட்டடம் மூன்று விரலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது, ஐந்தரை டிகிரி என்று வைத்தேன். வானம் ஒரு டிகிரி திரும்ப சுமார் 4 நிமிடம். ஐந்தரை நாலு இருபத்திரண்டு. நோட்டில் சின்னதாக ஒரு டிக் போட்டுக்கொண்டேன். நிலா ஏறக்குறைய நேராக ஏறும் இடங்களுக்கு இந்தக் கணக்கு சரிவரும். சாய்ந்து ஏறும் ஊர்களில் அதே உயரக் கட்டடம் இன்னும் அதிக நேரத்தைத் தின்னும்.

அன்று உதித்த நிலா தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. மொபைலில் எடுத்தால் வெள்ளைப் பொட்டு. (திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாக இறக்கினால் கறைகள் தெரிகின்றன.) காகிதத்தில் பஞ்ச் போட்டு, அந்த ஓட்டை வழியே கை நீட்டிப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் அந்தத் தாம்பாளம் கச்சிதமாக அடங்கிவிட்டது! இரவு பன்னிரண்டுக்கு மறுபடி பார்த்தேன். உச்சியில் சின்னதாகிவிட்ட நிலாவும் அதே ஓட்டையை அதே அளவுக்கு நிரப்பியது. அடிவானத்துப் பெரிய நிலா முழுக்க முழுக்க நம் மூளையின் வேலை. நிஜத்தில் உச்சி நிலாதான் ஒன்றரை சதவீதம் போலப் பெரிது, ஏனென்றால் அப்போது பூமியின் ஆரமான சுமார் 6,400 கிலோமீட்டர் அளவுக்கு நாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

தேய்பிறையில்தான் என் கையிருப்பு வரி கவிழ்ந்தது. 50 நிமிடம் என்பது சராசரி. என் நோட்டில் ஒரு நாள் 44, இன்னொரு நாள் 57. நிலா பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓடுகிறது. அதன் பாதை அடிவானத்தை வெட்டும் சாய்வும் நாளுக்கு நாள் மாறுகிறது. துருவம் நோக்கிய நாடுகளில் இந்த இடைவெளி அரை மணிக்குக் கீழேயும் இறங்கும், ஒன்றேகால் மணி வரையும் ஏறும். உதிக்கும் இடமும் அப்படித்தான். பௌர்ணமியில் கட்டடத்தின் இடது ஓரத்தில் வந்தது ஒவ்வொரு நாளும் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. சூரியன் வடக்கும் தெற்குமாக ஒரு வருடத்தில் நடக்கும் நடையை நிலா 27 நாள் சொச்சத்தில் முடித்துவிடுகிறது. அமாவாசைக்கு அமாவாசை மட்டும் 29.5 நாள். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் நிலா இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஓடித்தான் சூரியனைப் பிடிக்கிறது.

இருபத்திரண்டாம் நாள் அட்டவணையின் உதயக் கட்டத்தில் வெறும் கோடு. அச்சுப் பிழை என்றே முடிவு கட்டினேன். எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "என்னப்பா, நிலா இன்னைக்கு லீவா?"

லீவு மாதிரிதான். இருபத்தொன்றாம் நாள் உதயம் இரவு 11:31. அடுத்த உதயம் அதிலிருந்து 24 மணி 47 நிமிடம் கழித்து. அதாவது நள்ளிரவு தாண்டி, இருபத்துமூன்றாம் நாள் கணக்கில் 12:18. இடையில் இருந்த நாளுக்கு உதயமே இல்லை. உதிக்கவில்லையே தவிர, அன்று காலை ஒன்பதுக்கு நிலா மேற்கே ஜம்மென்று இருந்தது. பழைய பக்கத்தைத் திருப்பினால் ஏழாம் நாள் அஸ்தமனக் கட்டத்திலும் அதே கோடு. மேகத்தின் மேல் பழி போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மாத முடிவில் நேரில் பார்த்த உதயம் 11, அஸ்தமனம் 6. தேய்பிறையில் அஸ்தமனம் எல்லாம் காலையிலும் பகலிலும் வருவதால் ஓடுகிற வேலைக்கு நடுவே பிடிக்க முடியவில்லை.

இருபத்தெட்டாம் நாள் விடிகாலை 5:40. தென்கிழக்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு நகக்கீற்று, வயிறு கீழ்நோக்கி, இன்னும் வராத சூரியனைப் பார்த்தபடி. மறுநாளும் ஏறிப் பார்த்தேன், வெளுத்த வானம் மட்டும் இருந்தது. நோட்டில் பன்னிரண்டு பக்கம் பாக்கி. அடுத்த மாதம் அஸ்தமனத்தை மட்டும் பிடிப்பதாகத் திட்டம். மேற்குப் பக்கத்து மரத்தின் உயரத்தை விரலால் அளந்தாயிற்று: இரண்டரை விரல்.